பீடத்தில் இருந்த பெல்ட்

மே மாதம் முதல் தேதி எங்கள் கத்தோலிக்கப் பங்கில் எல்லோருக்கும் விடுமுறை. அன்று கோயில் வளாகத்தில் வேலை செய்தவர்கள் தொழிலாளர்கள் மட்டும்தான். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சொல்லும்போது இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அன்று தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். ஊரெல்லாம் சிவப்புக் கொடி பிடிக்கிற நாளைத் திருச்சபை அந்தத் தச்சரின் பெயரில் கொண்டாடுகிறது. மைசூரில் எங்கள் பங்குக்கு இந்தத் திருநாள் கூடுதல் நெருக்கம். பழைய குடும்பங்களில் பாதி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்துத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. என் அப்பா அங்கே ஃபிட்டர். அவர் காலத்தில் மே முதல் தேதிப் பூசையின் காணிக்கைப் பவனியில் பூவும் பழமும் போகாது. அவரவர் கையில் பிடித்து வேலை செய்த ஸ்பேனரையும் சுத்தியலையும் அரத்தையும் அவரவரே எடுத்துப்போய்ப் பீடத்துப் படியில் வைப்பார்கள். மாலை ஜெபமாலை முடிந்ததும் சாமியார் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்துத் திருப்பிக் கொடுப்பார். அதுவரை அவை அங்கேயே இருக்கும். ஒர்க்‌ஷாப்புக்கு அன்று லீவு, கருவி யாருக்கும் தேவைப்படாது, அதனால் அப்படி ஒரு வழக்கம் உண்டானது. பீடத்தில் வைத்ததை ஆசீர்வாதத்துக்கு முன்னால் எடுக்கக் கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எங்களுக்கு அது பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை.

அந்த ஃபிட்டர்களின் பிள்ளைகள் நாங்கள் பேங்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்குப் போனோம். நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்து தலை நரைத்தேன். எங்கள் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள், பாதிப் பேர் கனடாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். விஜயநகரில் வீடு, வாசலில் கார், மாடியில் சோலார். பங்கில் இன்று ஸ்பேனர் பிடிக்கிற கை ஒன்றுகூட இல்லை. அதற்காக வழக்கத்தை விட்டுவிட முடியுமா? கருவிகளை இரவல் வாங்க ஆரம்பித்தோம்.

நான் சொல்கிற வருஷம் இரவலுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கோயிலை ஒட்டிப் புதிய சமூகக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுகிறவர்கள் பின்பக்கம் தகர ஷெட்டில் குடியிருந்தார்கள். பெரும்பாலும் மாநில எல்லையிலுள்ள பாலாறு செக்போஸ்டுக்கு அந்தப் பக்கத்துத் தமிழர்கள், இந்துக்கள். ஊரில் மழை ஏமாற்றினால் காட்டு வழி பஸ்ஸில் ஏறி, கொள்ளேகால் தாண்டி இங்கே வந்துவிடுவார்கள். அவர்களில் ஒரு பூச்சு வேலைக்காரரும் அவருடைய மனைவியும் எனக்குப் பழக்கம். அவர் சாரத்தில் நின்று சுவர் பூசுவார். அவள் கீழிருந்து கலவை தூக்குவாள்.

பழக்கமான கதையையும் சொல்லிவிடுகிறேன். கோயில் வளாகத்தில் டைல்ஸ் போட்ட நல்ல கழிப்பறைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் பூட்டுத்தான். ஷெட்டில் இருந்த பெண்கள் விடிவதற்கு முன் எழுந்து, காம்பவுண்டு மூலையில் பழைய சேலையைக் கட்டி மறைத்து அதற்குள் குளித்தார்கள். பங்குப் பேரவையில் இதைப் பற்றிக் கேட்டேன். தெருவாரி ஜெபக்குழுவான அன்பியத்தின் பொறுப்பாளர் என்ற முறையில் எனக்கும் பேரவையில் ஒரு நாற்காலி உண்டு. செயலாளர், நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கன்னடம் கலந்த தமிழில் சொன்ன பதில் இது: “சாவி கொடுத்தா தொலைச்சிடுவாங்கம்மா. ஆமேல நாமதான் பூட்டை உடைக்கணும்.” என்னிடம் ஒரு சாவி இருந்தது. அன்று சாயங்காலமே அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். “பத்திரமா வெச்சுக்கறனுங்க்கா” என்று வாங்கித் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். அது ஒருநாளும் தொலையவில்லை.

இதே வளாகத்தில், அந்த ஷெட் நன்றாகத் தெரிகிற ஜன்னலுக்கு உள்பக்கம், வியாழக்கிழமைதோறும் எங்களுக்கு வகுப்பு நடந்தது. திருச்சபையின் சமூகப் படிப்பினை வகுப்பு. பங்குத்தந்தை தொடங்கியது. அவர் வெளிநாட்டில் போய் இதையே படித்துப் பட்டம் வாங்கியவர், நடுவயது, நல்ல குரல், நல்ல மனுஷன். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. வேலையைவிட வேலை செய்கிற ஆள் பெரியவர் என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார். லாபம் ஒரு பக்கம், மனிதன் ஒரு பக்கம் என்று வந்தால் திருச்சபை எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று வரைந்து காட்டினார். ஏழைக்கு நீதியாகச் சேர வேண்டியதைத் தர்மம் மாதிரிக் கையில் வைத்துவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்ளாதீர்கள் என்று ஒருமுறை மேசையைத் தட்டிச் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாங்கள் பேசாத விஷயம் இல்லை. விவசாயிகள், அகதிகள், வீட்டு வேலை செய்யும் பெண்களின் கூலி, காவிரித் தண்ணீர் எல்லாம் பேசினோம். பேசி முடித்து பிஸ்கட் சாப்பிட்டோம். ஜன்னலுக்கு வெளியே அந்தச் சேலை மறைப்பு காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

மே முதல் தேதி காலையில் பேரவையிலிருந்து இரண்டு பேர் ஷெட்டுக்குப் போய்க் கருவிகளை வாங்கி வந்தார்கள். கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு, பாண்டுச் சட்டி. எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டன. கூடவே ஒரு ஹெல்மெட்டும், உயரத்தில் வேலை செய்பவர் இடுப்பிலும் தோளிலும் மாட்டிக் கம்பியில் கொக்கி போட்டுக்கொள்கிற பாதுகாப்பு பெல்ட்டும் வந்தன. அந்த சைட்டுக்கு மொத்தமே ஒரு பெல்ட்தான். நல்ல ஆரஞ்சு நிறம். பீடம் அலங்கரிக்கிற அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வெள்ளைத் துணிக்கும் செண்டு மல்லிக்கும் அவ்வளவு எடுப்பாக இருக்குமாம்.

பவனியில் பெல்ட்டை ஏந்தி வந்தவர் செயலாளர். வெள்ளைச் சட்டை, மடித்த பட்டுத் துண்டு, தாம்பாளத்தில் பெல்ட், அதைச் சுற்றிப் பூச்சரம். உழைக்கும் மக்களின் வியர்வையை உம் பாதத்தில் வைக்கிறோம் என்று மைக்கில் ஒருவர் வாசித்தார். வியர்வைக்குச் சொந்தக்காரர்கள் அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் கலந்துகொண்டிருந்தார்கள். கலவை மிஷின் சத்தம் பூசைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று ஒருவர் எழுந்துபோய் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

பூசை முடிந்து எல்லோரும் வெளியில் நின்று கேசரிபாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பூச்சு வேலைக்காரர் பக்கவாட்டுக் கதவருகில் வந்து, செருப்பைத் தள்ளிக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். செயலாளரைப் பார்த்துத்தான் கேட்டார்.

“சார், அந்த பெல்ட்டு மட்டும் குடுத்தீங்கன்னா ஆகுமுங்க. மத்ததெல்லாம் பொழுதோட வாங்கிக்கறமுங்க. முகப்பு மேல பூச்சு இருக்குதுங்க.”

“அது பீடத்துல வெச்சதப்பா. ஈவ்னிங் ஆசீர்வாதம் ஆனதும் தந்துடறோம். சும்னே அவசரப்படாதே.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். “கொடுத்துடுங்க சார், அவருக்கு வேலைக்கு வேணும்” என்றேன்.

“எப்படிம்மா எடுக்கறது? உங்கப்பா காலத்துலருந்து இருக்கற பத்ததி. நீங்களே இப்படிச் சொல்லலாமா?”

என் அப்பாவை எடுத்து என் வாயில் அடைத்தார். அதற்குள் பங்குத்தந்தையே காபியும் கையுமாக வந்துவிட்டார். நான் அவரிடமும் சொன்னேன். அவர் அந்த மனிதரின் தோளில் கை வைத்துச் சிரித்தார்.

“இன்னைக்கு உங்க நாள்ப்பா. நீங்கள்லாம் ரெஸ்ட் எடுக்கணும்.”

“ரெஸ்ட்டுன்னா கூலி கெடையாதுங்களே சாமி.”

“அப்ப சாயங்காலம் வரைக்கும் கீழ ஏதாவது வேலை பாரு. ஆசீர்வாதம் பண்ணின பெல்ட் உனக்கும் நல்லதுதானே.”

பூச்சு வேலைக்காரர் உள்ளே பீடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கீழே பார்க்க வேலை எதுவும் இல்லை. ஆயர் வருவதற்குள் முகப்பு முடிந்தாக வேண்டும் என்று காண்டிராக்டரை விரட்டிக்கொண்டிருந்தது எங்கள் பேரவை. காண்டிராக்டர் மேஸ்திரியை விரட்டினார். மேஸ்திரி இவரைப் பார்த்து, ஏறுகிறாயா, இல்லை வேறு ஆளைக் கூப்பிடவா என்று கேட்டிருக்கிறார். பெல்ட் எங்கே இருக்கிறது என்று மேஸ்திரிக்குத் தெரியும், காண்டிராக்டருக்கும் தெரியும்.

உச்சி வெயில் ஏறுவதற்குள் அவர் விழுந்துவிட்டார். அப்போது பழைய கூடத்தில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. தலைப்பு ‘உழைப்பின் மாண்பு’. இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் மிகையாகப் போய்விட்டது என்று நானே அடித்திருப்பேன். மைக்கில் ஒரு சிறுமி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். பலகை சரிகிற சத்தமும், பிறகு கனமாக ஏதோ விழுகிற சத்தமும், பிறகு அவர் மனைவியின் அலறலும் கேட்டன. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் ஜல்லிக் குவியலின் ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். அவள் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

பங்குத்தந்தைதான் அவரைத் தம் ஜீப்பில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கி முழுக்கச் சிமெண்ட். அதை நான் மறுக்க மாட்டேன். இடுப்பெலும்பு உடைந்திருந்தது, ஒரு தொடையும் முறிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனிமேல் சாரம் ஏற முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

அன்று மாலை ஆசீர்வாதம் நடந்தது. ஆமாம், நடந்தது. வழக்கம் அல்லவா? ஜெபமாலை சொன்னோம், விழுந்தவருக்காக இன்னும் பத்து மணிகளைக் கூடுதலாக உருட்டினோம். பங்குத்தந்தை ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால் உதவிப் பங்குத்தந்தை வந்து கருவிகள் மேல் தீர்த்தம் தெளித்தார். அந்த பெல்ட் மேலும் தெளித்தார். பிறகு கோயில் பணியாள் எல்லாவற்றையும் கொண்டுபோய் ஷெட்டில் வைத்தார். மறுநாள் மாற்றுச் சேலை எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் அங்கே கண்டதை என்னிடம் சொன்னாள். அழவில்லை. “கதவுல மாட்டி வெச்சிருந்தாங்க்கா. பூவுங்கூட அப்படியே சுத்தியிருந்துச்சு” என்றாள்.

அடுத்த வாரம் காண்டிராக்டர் தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கத் தன் கதையைத் தயார் செய்துவிட்டார். பெல்ட் கொடுத்திருந்தோம், அந்த ஆள் வேண்டுமென்றே போடாமல் ஏறினான், குடித்திருந்தான். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட வாக்குமூலங்களைத்தான் மேசையில் வாங்கி வைத்தேன். கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி தானே வேண்டாம் என்று தள்ளினான் என்று ஆகிவிட்டால், அவனுக்குச் சேர வேண்டிய இழப்பீடு சட்டப்படியே கை நழுவிப் போய்விடும். ஒரே ஒரு உண்மை வெளியில் வந்தால் போதும், இந்தக் கதை நிற்காது: அவர் பெல்ட்டைக் கேட்டார், நாங்கள் கொடுக்கவில்லை. இதைக் கண்ணால் பார்த்தது மொத்தப் பங்கும். மறைந்திருந்து பார்க்கவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டு பார்த்தோம்.

பேரவையை அவசரமாகக் கூட்டினார்கள். செயலாளர் முதலிலேயே முடிவைச் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிறு காணிக்கையை அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்போம், பெல்ட் விஷயத்தை யாரும் வெளியில் பேச வேண்டாம். “அவன் குடிப்பானா மாட்டானா, நமக்கென்ன கொத்து?” என்றார். கொத்து என்றால் கன்னடத்தில் தெரியும் என்று பொருள். அவருக்குத் தமிழும் கன்னடமும் எப்போதும் இப்படி ஒன்றாகத்தான் வரும். நான் சொன்னேன், “சார், குடிச்சவர் செருப்பைக் கழட்டி வெச்சுட்டு வந்து பெல்ட் கேப்பாரா? உங்ககிட்டதானே கேட்டார்?” அவர் பங்குத்தந்தையைப் பார்த்தார்.

பங்குத்தந்தை அன்று சொன்னதை நியாயமாகவே எழுத முயல்கிறேன்.

“நீங்க சொல்றது சரிதான்மா. ஆனா காலத்தைப் பாருங்க. ஒரு வீட்டுல நாலு பேர் ஜெபம் பண்ணினாலே மதம் மாத்தறாங்கன்னு கேட்டுக்கு வெளிய கூட்டம் வந்து நிக்குது. கோயில்ல ஒரு ஏழை இந்துவோட பெல்ட்டைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்கன்னு எவனாவது போன்ல சுத்தவிட்டா என்ன ஆகும்? நம்ம ஸ்கூல், நம்ம சிஸ்டர்ஸ், எல்லாரையும் நான் யோசிக்கணுமில்ல.”

அந்தப் பயம் பொய்யில்லை. சில வருஷங்களாக நானே பஸ்ஸில் போகும்போது கழுத்துச் சிலுவையைச் சேலைக்குள் தள்ளிக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பயத்துக்கு ஈடாக அந்த மனிதரின் இடுப்பை வைக்க யார் எங்களுக்கு உரிமை கொடுத்தது? நம்மை யாராவது மிரட்டும்போது மட்டும் மனித மாண்பு, அரசியல் சாசனம், சிறுபான்மை உரிமை என்று ஊர்வலம் போகிறோம். நம் காம்பவுண்டுக்குள் ஒருத்தரின் மாண்பு ஜல்லிக் குவியலில் விழுந்து கிடந்தால் காலத்தைப் பார்க்கச் சொல்கிறோம். இதைத்தான் சொன்னேன், இதைவிடச் சூடாகவே சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. நிகழ்ச்சிநிரலில் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அது ஆயர் வருகைக்கான பந்தல்.

அந்த வியாழக்கிழமையும் வகுப்பு இருந்தது. பாடம் தோழமை. நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. “ஃபாதர், நீதியாகச் சேர வேண்டியதைத் தர்மமாகப் போடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. ஞாயிறு காணிக்கை எதுல சேர்த்தி?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேசலாம் என்றார். பக்கத்தில் இருந்த பெண்மணி என் தொடையைத் தட்டி, பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அந்தத் தட்டைத் தூக்கி எறியாமல் இருந்ததற்கு எனக்குச் சொர்க்கத்தில் ஏதாவது கிடைக்க வேண்டும்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். விழுந்தவரின் மனைவிக்கு இழப்பீட்டைவிட இன்னொன்று உறுத்திக்கொண்டிருந்தது. “கெடைக்கறது கெடைக்காம போகட்டுங்க்கா. குடிகாரன்னு எழுதிட்டாங்களே. இவரு கலியாணத்துல கூடத் தொட்டதில்லீங்க. ஊருல என்னங்க்கா சொல்லுவாங்க?” அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “உடுளே” என்று மட்டும் அவளிடம் சொன்னார். விடு என்றுதான் சொன்னார். விடுவதற்கு எனக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்கிற முறை எனக்கு வந்தது. மன்றாட்டுகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நாம் ஒவ்வொன்றாக வாசித்து ‘உம்மை மன்றாடுகிறோம்’ என்று முடித்தால், மக்கள் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். திருத்தந்தைக்காக வாசித்தேன். நாட்டை ஆள்பவர்களுக்காக வாசித்தேன். மூன்றாவது, விபத்தில் காயமுற்ற தொழிலாளிச் சகோதரர் விரைவில் நலம் பெற. அங்கே தாளை மடித்தேன்.

“இந்தப் பீடத்தில் நாங்கள் காணிக்கையாக வைத்த பாதுகாப்பு பெல்ட்டை அதற்குரியவர் கேட்டும் நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. அது இல்லாமல் சாரம் ஏறி விழுந்த எங்கள் சகோதரர் குடித்திருந்தார் என்று இப்போது பொய் சொல்லப்படுகிறது. அந்தப் பொய்யைத் தொழிலாளர் அலுவலகத்தில் வந்து மறுக்க எங்களுக்குத் துணிவு தர வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது கோயில் முழுவதும்.

பழக்க தோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லி முடிக்கும் தறுவாயில்தான் சிலருக்குக் காதில் விழுந்தது எது என்று உறைத்தது. கடைசிச் சொல் முன்வரிசையில் பாதியில் அறுந்தது, பின்வரிசையில் முழுசாக முடிந்தது. செயலாளரும் சொன்னார், நான் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குத்தந்தை பீடத்தின் பின்னால் கைகளை விரித்தபடி நின்றார். மன்றாட்டுகளை முடித்துவைக்கும் ஜெபத்தை அவர் சொல்ல வேண்டும். விரித்த கைகளைப் பீடத்தின் மேல் ஊன்றிக்கொண்டார். பிறகு புத்தகத்தைப் பார்த்து, தலை நிமிராமல், அதில் இருந்ததை வாசித்தார்.

பூசை முடிந்ததும் என்னை வாசகர் முறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கழிப்பறைச் சாவியையும் திருப்பிக் கேட்டார்கள். என்னிடம் இல்லை என்றேன், அது உண்மைதான். கார் நிறுத்துகிற இடத்தில் பலர் என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். நல்லா சொன்னீங்க, நறுக்குன்னு சொன்னீங்க. அலுவலகத்துக்கு வருவீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருவருக்கு முட்டி வலி. ஒருவருக்கு மருமகள் பிரசவம். ஒருவர், “நீங்க போறீங்கள்ல, அது போதும்” என்று என்னை ஆசீர்வதித்தார். சமூகப் படிப்பினை வகுப்பின் பாடத்தை எல்லாம் இவர்கள் என்னைவிட நன்றாக எழுதி வைத்திருந்தார்கள், நீலத்திலும் சிவப்பிலும் அடிக்கோடு போட்டு.

விசாரணை அன்று அவரை ஆட்டோவில் கொண்டுவந்தோம். இரண்டு பக்கமும் ஊன்றுகோல். அலுவலக வாசல் படிகளில் அவரை நானும் அவளும் ஆட்டோ டிரைவரும் வாசலில் நின்ற இன்னொரு டிரைவரும் சேர்ந்து ஏற்றினோம். உள்ளே அதிகாரி எல்லாவற்றையும் கன்னடத்தில் கேட்டார். நானும் கன்னடத்திலேயே சொன்னேன். காண்டிராக்டரின் வக்கீல் எழுந்து, இந்த அம்மாவுக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் பழைய மனத்தாங்கல் என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். பெல்ட் பீடத்தில் இருந்ததை வேறு யாராவது பார்த்தார்களா? எல்லோரும் பார்த்தார்கள் என்றேன். அப்படியென்றால் ஏன் நீங்கள் மட்டும் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, அதுவும் கோபத்தில்.

அப்போதுதான் பங்குத்தந்தை வந்தார். தனியாக வந்தார், அங்கியோடு. பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. இந்த மனிதர் பெல்ட்டைக் கேட்டார், அது எங்கள் பீடத்தில் இருந்தது, நான் கொடுக்கவில்லை, இவர் குடித்திருக்கவில்லை என்று கன்னடத்தில் சொன்னார். அவ்வளவுதான். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. வக்கீல் தன் பேனாவை மூடினார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிற்பாடு உத்தரவு அந்தக் குடும்பத்துக்குச் சாதகமாக வந்தது, குடித்திருந்தார் என்ற வார்த்தையும் அடிபட்டுப் போனது. அதற்காக எந்தக் கூட்டமும் எங்கள் கேட்டுக்கு வரவில்லை, யாரும் எதையும் போனில் சுற்றவிடவில்லை.

எனக்கு அன்று மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. இவ்வளவு சின்ன உண்மையைச் சொல்ல ஒரு படித்த மனிதருக்கு இத்தனை வாரம் பிடித்ததே என்றுதான் எரிந்தது. அவர் வந்ததற்கு என் மன்றாட்டு காரணமா, வகுப்பு காரணமா, அவர் மனசாட்சியா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

வெளியே வராண்டாவில் அவர் அந்தப் பெண்ணிடம் வந்தார். களைத்துப்போயிருந்தார். பாரம் இறங்கின முகம். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

“நடந்ததைச் சொல்லிட்டேன்மா. இனிமே கவலைப்படாதே.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதையெல்லாம் நான் மொத்தமாக எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

“அன்னைக்குக் கேட்டப்பவே குடுத்திருந்தா ஆயிருக்குமுங்களே, சாமி.”

சொல்லிவிட்டு, படியின் விளிம்பில் ஊன்றுகோலோடு இறங்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்த தன் புருஷனைப் பிடிக்கப் போனாள்.